வீட்டு வழக்கும் பெற்றோர் நீதியும்

உடன்பிறந்தார் பூசல் இல்லாத இல்லம் உலகில் இல்லை. சன்னலோர இருக்கைக்கும், வண்ணப் பென்சிலுக்கும், தோசையின் முறுகிய ஓரத்துக்கும் நாள்தோறும் வழக்கு எழுகின்றது. அதில் வியப்பில்லை. அவ்வழக்கைத் தீர்க்க வேண்டியவர் யார் என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய அறக்கேள்வி.

ஊரில் கூட்டுக் குடும்பமாய் இருந்த காலத்தில் பாட்டியும் அத்தையும் அச்சுமையைப் பகிர்ந்துகொண்டனர். பல வழக்குகள் முற்றத்திலேயே முடிந்துபோயின. தில்லியிலோ மும்பையிலோ ஈரறைக் குடியிருப்பில் வாழும் நமக்கு அவ்வசதி இல்லை. அலுவல் முடிந்து அலுத்துத் திரும்பும் தாய் தந்தையரே நடுவர். "நீ பெரியவள், விட்டுக்கொடு" என்று விரைந்து தீர்ப்பளிக்கின்றோம். வீட்டில் அமைதி திரும்புகின்றது. ஆனால் மூத்தவள் மனத்தாங்கலை வளர்த்துக்கொள்கின்றாள்; அழுதால் வெல்லலாம் என்று இளையவன் கண்டுகொள்கின்றான். தம் சிக்கலைத் தாமே அவிழ்க்கும் ஆற்றலை இருவருமே இழக்கின்றனர்.

இங்கே புறநானூறு நமக்கு ஒரு வழி காட்டுகின்றது. ஒரே சோழர் குடியில் பிறந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்தனர். நெடுங்கிள்ளி இருந்த உறையூரை நலங்கிள்ளி முற்றுகையிட்டான். இடையே சென்று பாடிய கோவூர்கிழார், எவர் பக்கம் நீதி என்று ஆராயவில்லை. இருவர் சூடியதும் ஆத்தி மாலையே என்பதைச் சுட்டி, எவர் தோற்பினும் தோற்பது அவர்தம் குடியே என்று உணர்த்தினார்.

பெற்றோர் செய்யத்தக்கதும் அதுவே அன்றோ? சண்டைக்குரிய பொருளை எடுத்து வைத்துவிட்டு, "இருவரும் பேசி ஒரு முடிவோடு வாருங்கள்" என்று கூறிக் காத்திருத்தல் வேண்டும். முதல் நாள் கூச்சலே மிகும். நாளடைவில் "இன்று உனக்கு, நாளை எனக்கு" என்னும் உடன்படிக்கை பிறக்கும். அது நம் தீர்ப்பைவிடச் சற்றுக் கோணலாக இருக்கலாம். அவர்களே கண்டது ஆதலின் நிலைக்கும். வலியவர் மெலியவரை அடிக்குமிடத்து மட்டும் நாம் வாளாவிருத்தல் அறமாகாது.

நாம் என்றும் இருந்து தீர்ப்பளிக்கப் போவதில்லை. நமக்குப் பின், அயல்மொழி சூழ்ந்த நகரில், இளமை நினைவுகளைத் தமிழில் பேசிக்கொள்ள ஒருவருக்கு மற்றவரே துணையாக எஞ்சுவர். அந்தப் பேச்சை இன்றே, நம் உதவியின்றி, அவர்கள் பழகட்டும்.