அவங்களுக்கு என்ன பிடிக்கும்?

சிங்கப்பூரில் பிலிப்பினோ சாப்பாடு எங்கே நல்லா இருக்கும் என்று யாரைக் கேட்டாலும் ஆர்ச்சர்ட் ரோட்டில் இருக்கும் லக்கி பிளாசாவைத்தான் காட்டுவார்கள். ஜாலிபீ 2013இல் சிங்கப்பூரில் தன் முதல் கடையைத் திறந்ததும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை போனால் நடக்க இடமிருக்காது. ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளில் வரிசை, சாப்பாட்டுக் கடைகளில் வரிசை. வெளியே பாய் விரித்துச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும் தோழிகள்.

இருபத்தெட்டு வருஷம் இந்த ஊரில் இருந்தும் நான் அங்கே சாப்பிட்டதில்லை. போன மாதம் வேலையிடத்து நண்பர், மணிலாக்காரர், கூட்டிப்போனார். கண்ணாடிக்குப் பின்னால் பதார்த்தங்கள் வரிசையாக இருக்கும், எது வேண்டுமோ விரலால் காட்டினால் போதும். இந்த மாதிரிக் கடைக்கு 'தூரோ-தூரோ' என்றே பெயர். தகாலோக்கில் 'தூரோ' என்றால் சுட்டிக் காட்டுவது. நான் சினிகாங் சூப்பைக் காட்டினேன். ஒரு வாய் குடித்ததும் தெரிந்துவிட்டது. புளி! நல்ல தூக்கலான புளி.

எங்கள் வீட்டு ரசம் ஞாபகம் வந்தது. சரியாகச் சொன்னால், ஆன்ட்டி வைத்த ரசம்.

எனக்கு நாலு வயதிலிருந்து பதினாலு வயதுவரை எங்கள் வீட்டில் வேலை செய்தவர் அவர். பிலிப்பீன்ஸிலிருந்து வந்தவர். அம்மாவிடம் சாம்பார், ரசம், புட்டு எல்லாம் கற்றுக்கொண்டார். ரசத்தில் மட்டும் எப்போதும் ஒரு பிரச்சினை. "புளி தூக்கலா இருக்கு" என்பார் அம்மா. "ஓகே மேம்" என்பார் ஆன்ட்டி. அடுத்த வாரமும் புளி தூக்கலாகவே இருக்கும். அதைக் கவனக்குறைவு என்றுதான் நாங்கள் பத்து வருஷமும் நினைத்தோம். அது அவர் நாக்கு கேட்ட அளவாக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அந்தச் சமையலறையில் அவருக்கென்று இருந்த ஒரே ருசி அதுவாகக்கூட இருந்திருக்கலாம்.

எங்கள் வீட்டில் ஒரு பெருமை உண்டு. "நாங்க சாப்பிடறதைத்தான் அவங்களுக்கும் குடுத்தோம், தனிச் சாப்பாடெல்லாம் கிடையாது." அது பொய்யில்லை. மிச்சத்தைக் கொடுக்கும் வீடுகளோடு ஒப்பிட்டால் நல்ல வீடுதான். ஆனால் நாங்கள் சாப்பிட்டது எங்களுக்குப் பிடித்ததை. அவர் சாப்பிட்டதும் எங்களுக்குப் பிடித்ததைத்தான். ஒரே சட்டியிலிருந்து எடுத்துப் போட்டதை நாங்கள் சமத்துவம் என்று நினைத்துக்கொண்டோம். ஒருமுறை அவர் கருவாடு பொரித்தார். வீடு முழுக்க நாறுகிறது என்று அம்மா சொன்ன பிறகு அவர் பொரிக்கவே இல்லை. கருவாட்டுக் குழம்புக்கு உயிரை விடும் குடும்பத்திலிருந்து வந்தவர்தான் அம்மாவும்!

இங்கே சட்டம் முதலாளிக்குச் சில கடமைகளை வைத்திருக்கிறது. பணிப்பெண்ணுக்குப் போதுமான உணவு தரவேண்டும். 2013 ஜனவரி 1இலிருந்து வாரம் ஒருநாள் ஓய்வு; அந்த நாளில் வேலை வாங்கினால் அதற்குப் பணம் தரவேண்டும். 2023இலிருந்து மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது. இவை அவசியம்தான். ஆனால் 'போதுமான' என்ற சொல் வயிற்றைத்தான் அளக்கும். ஒருவருக்கு என்ன பிடிக்கும் என்பதைச் சட்டத்தில் எழுத முடியாது. அதை வீட்டில் இருப்பவர்கள் கேட்டால்தான் உண்டு.

"அவங்க சம்பாதிக்கத்தானே வந்தாங்க, ருசி பாக்கவா?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். இதே நண்பன்தான், தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர்கள் விடியுமுன் கட்டிய சோற்றை மத்தியானம் சாப்பிட வேண்டியிருக்கிறது என்று கொதிப்பவன். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் வாழையிலை முன்னால் உட்கார்ந்து ரசம் இன்னொரு கரண்டி கேட்கும்போது அந்தச் சந்தோஷம் நமக்கு உடனே புரிகிறது. நம் நாக்கு என்பதால் புரிகிறது. லக்கி பிளாசாவில் நடப்பதும் அதேதான். ஆறு நாள் அடுத்தவர் ருசிக்குச் சமைத்தவர், ஒரு நாள் தனக்கு வேண்டியதை விரலால் காட்டுகிறார்.

பசியாற்றுவது கருணை. மரியாதை அதற்கு மேல் ஒரு படி. எதிரில் இருப்பவருக்கும் பிடித்தது, பிடிக்காதது உண்டு என்று ஒத்துக்கொள்வதில்தான் மரியாதை தொடங்குகிறது. கருணைக்குக் கேள்வி தேவையில்லை, நாமே முடிவு செய்துவிடலாம். மரியாதைக்குக் கேட்டே ஆகவேண்டும். சில சமயம் வீடு நாறினாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் ஒரு கிண்ணம் சினிகாங் குடித்ததால் எந்தக் கணக்கும் தீரவில்லை, தெரியும். ஆன்ட்டி ஊருக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. அவருக்கு என்ன பிடிக்கும் என்று அம்மாவிடம் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "கேக்கணும்னு தோணவே இல்லடா" என்றார். எனக்கும்தான் பத்து வருஷம் தோன்றவில்லை.

இப்போது பாட்டியைப் பார்த்துக்கொள்ள மியன்மாரிலிருந்து ஓர் அக்கா வந்திருக்கிறார். போன வாரம் அவரிடம், "உங்களுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?" என்று கேட்டேன். பயந்த மாதிரி பார்த்தார். "எனிதிங் ஓகே, சார்" என்றார். ஒருதடவை கேட்டதும் நம்பிவிடும்படி நாங்கள் இன்னும் எதுவும் செய்யவில்லை. இந்த வாரம் மறுபடி கேட்கவேண்டும்.