சந்திரகிரகணமும் காட்சியளவையும்

சைவாசிரியர்களே, காட்சி, கருதல், உரை என அளவைகள் மூன்றென்பது நம் சித்தாந்தத் துணிபு. அவற்றுள் முதலாகிய காட்சியை மாணாக்கருக்கு எங்ஙனம் பயிற்றுகின்றோம்? கிரகணகாலத்திலே கதவடைத்து அவர்களை உள்ளே இருத்துவதனாலோ?

1829 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20 ஆந் தேதி நிகழ்ந்த சந்திரகிரகணம் யாழ்ப்பாணத்திலே ஒரு வழக்காயிற்று. பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியார் அதற்குக் குறித்த கணக்குப் பிழையென்று, உடுவிலுக்கு மேற்கே வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் செமினரியை நடாத்திய தானியேல் பூவர் பாதிரியார் பலரறியச் சாதித்தார். கிரகணமும் அவர் கணக்கையே ஒத்தது. இதனை மறைத்தல் நமக்கு அழகன்று. ஆயின், நாழிகைக் கணக்கு வழுவியதனாற் சமயமும் வழுவிற்றென்பது எவ்வாற்றானும் பொருந்தாது. சிவபரம்பொருள் வாக்கிய கணிதத்தின் விடையன்றே! மிஷன் பாடசாலையிற் கற்றவன் யான். அங்கே பெற்ற வானசாத்திரத்துக்கு நன்றியுடையேன். அதனோடு கூட்டித் தந்த முடிபை மாத்திரம் கொண்டிலேன்.

நம்மவர் திறமுஞ் சிறிதன்று. 1825 இலே புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர், மனனஞ்செய்த வாக்கியங்களைக்கொண்டு, நிலத்திலே சோழிகளைப் பரப்பி, அவ்வாண்டு மே 31 இரவின் கிரகணத்தைக் கணித்தமையை வாரன் துரை 'கால சங்கலிதம்' என்னும் நூலில் எழுதிவைத்தார். பிற்காலத்து அறிஞர் ஒப்புநோக்கியபொழுது தொடக்கத்தில் 4, நடுவில் 23, முடிவில் 52 நிமிஷ வேறுபாடு தோன்றிற்று. கருவியின்றிச் செய்த கணக்குக்கு இது வியப்பே. எனினும் திருத்தம் வேண்டாததன்று. அங்ஙனந் திருத்துதல் நமக்குப் புதிதுமன்று. கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டு கிரகணங்களைக் கண்ணாற் கண்டு, 1431 இலே திருக்கணிதத்தை வகுத்தார். திருக் என்பது காட்சி. யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்னும் இருவகைப் பஞ்சாங்கமும் இன்றும் வழங்குகின்றன. எது சரியென்று வாதிடுவோர் பலர், வானத்தை நோக்குவோர் சிலர்.

2025 செப்டம்பர் 7 இரவு, இலங்கை நேரம் 9.57 மணியளவிற் பூமியின் கருநிழல் சந்திரனைத் தொட்டது. 11 மணியளவில் முழுதும் மறைந்து, 82 நிமிஷம் செந்நிறமாய் நின்றது. இத்தகைய இரவிலே புகைப்படக் கருவியைத் தாங்கியில் அசையாது நிறுத்துக. முதலில் அதன் கடிகாரத்தைத் திருத்துக. நேரமில்லாப் படம் சுவருக்கு அழகாகுமன்றிச் சான்றாகாது. நிறைமதிக்கு இமைப்பொழுதினும் குறைந்த ஒளியேற்றம் போதும். முழுமறைப்பில் ஒளி பல்லாயிர மடங்கு குறைதலின், ஒரு விநாடியோ அதற்கு மேலோ வேண்டும். நிழலின் விளிம்பு மங்கலாதலால் ஒரு படத்தை நம்பாது, ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாக எடுத்து, இருவகைப் பஞ்சாங்கக் குறிப்பையும் பக்கத்தில் எழுதுக. ஸ்நானமும் செபமும் செய்வோர் செய்க. அவற்றுக்கு இஃது இடையூறன்று.

2028 டிசெம்பர் 31 இரவு முழுமறைப்பு இங்குந் தோன்றும். மாணாக்கரை அதற்கு இப்பொழுதே பழக்கலாம்.