இரண்டு கட்டு கொத்தமல்லி

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற வழியில் சூளகிரி. சூலத்தைப் போல முனை முனையாக நிற்கும் ஒரு மலையும், அதன் அடிவாரத்தில் ஊரும். பெங்களூரு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனவர்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஒரே டீக்கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். மலையைவிட அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது கொத்தமல்லி. கட்டுக் கட்டாக லாரியில் ஏறி எங்கெங்கோ போகும்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஓசூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் போன் பண்ணினார். 'எங்க சர்ச்சுல அறுப்பின் பண்டிகை. வந்துட்டுப் போங்க' என்றார். சூளகிரி பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன தேவாலயம்.

அறுப்பின் பண்டிகை பார்த்திருக்கிறீர்களா? நிலத்தில் விளைந்ததில் ஒரு பங்கைக் கொண்டு வந்து காணிக்கையாக வைப்பார்கள். பூசணிக்காய், தேங்காய், தக்காளிக் கூடை, காலைக் கட்டிய சேவல், நாலு முட்டை. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற முட்டை, அங்கே நூறு ரூபாய்க்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். ஒரே சிரிப்பும் சத்தமுமாக இருக்கும்.

அந்த வாரம் கொத்தமல்லி விலை அதலபாதாளத்தில். பறிக்கிற கூலிகூடக் கட்டாது என்று சிலர் தோட்டத்தில் மாட்டை விட்டு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியும் ஒரு அம்மா கூடை நிறையக் கொத்தமல்லி கொண்டுவந்து வைத்தார். அறுபது வயசிருக்கும். சந்தையில் கேட்பாரில்லாத அந்தக் கட்டு, ஏலத்தில் இருநூறு ரூபாய்க்குப் போனது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கிளம்பும்போது அந்த அம்மா என்னிடம் வந்தார். கையில் இரண்டு கட்டு. 'வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க சார். நம்ம தோட்டத்துது' என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பாவம், இந்த வாரம் நஷ்டத்தில் இருக்கிறாரே என்று, பர்ஸைத் திறந்து நூறு ரூபாயை நீட்டினேன். வேண்டாம் என்றார். 'பரவால்ல, வச்சுக்கோங்கம்மா' என்று கையில் திணித்தேன்.

அவர் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

'ஏசப்பாவே வாங்கிக்கிட்டாரு. நீங்க வாங்க மாட்டீங்களா சார்?'

நான் ஏதோ சொல்லிச் சிரித்து மழுப்பினேன். 'சரி சார்' என்று நோட்டை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு நிமிஷம் முன்புவரை அவர் எனக்குக் கொடுத்தவர். நான் அவரை விற்றவராக ஆக்கிவிட்டேன்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப்பதிவியலில் முதல் வாரமே சொல்லித் தருகிற விதி ஒன்று உண்டு: வாங்கியவர் பெயரில் பற்று, கொடுத்தவர் பெயரில் வரவு. அதாவது, வாங்கினவன் கடன்காரன். இதை நாம் நோட்டுப் புத்தகத்தோடு விட்டோமா? இல்லை. மனசுக்குள்ளும் ஒரு பேரேடு வைத்திருக்கிறோம். கொடுக்கும்போது ஒரு படி மேலே ஏறிக்கொள்கிறோம். வாங்கும்போது ஒரு படி இறங்கியதாகக் கூசுகிறோம். கை நீட்டி வாங்குவது கேவலம் என்று ஆத்திசூடி காலத்திலிருந்து படித்து வளர்ந்தவர்கள் அல்லவா நாம்!

இந்தப் பேரேட்டைக் கிழிக்கச் சொன்னவர் இயேசு. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்ற அவருடைய பேச்சை எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாம் ஃபேன் வாங்கிக் கொடுத்தால்கூட இறக்கையில் பெயர் எழுதித்தான் கொடுக்கிறோம். கோயிலானாலும் சர்ச்சானாலும் இதில் பேதமில்லை. என்ன, ஃபேன் சுற்றாமல் நின்றால்தான் பெயரைப் படிக்க முடியும்!

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த மனிதர் ஒருவர் இருக்கிறார். வி.எஸ்.அசரியா. 1874-ல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். வெள்ளைக்காரர் பணத்திலேயே காலம் தள்ளக் கூடாது, நம் ஆட்கள் கொடுக்கும் காசில் நாமே சேவை செய்வோம் என்று 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது முன்னால் நின்றவர். நெல்லைக்காரர்களின் காணிக்கை தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்குப் போனது. பின்னாலேயே அவரும் போனார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார்.

அவருடைய மக்களில் பெரும்பாலோர் நிலமில்லாத தலித் கூலிகள். 'இவங்ககிட்ட போய்க் காணிக்கையா?' என்றுதானே உங்களுக்குத் தோன்றுகிறது? அசரியா வேறு மாதிரி நினைத்தார். ஏழையும் கொடுக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதக்காரர். கொடுத்தல் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். எனக்குப் புரிந்த நியாயம் இதுதான்: காலம் பூரா வாங்கிக்கொண்டே இருப்பவனை உலகம் பிச்சைக்காரனாகத்தான் பார்க்கும். ஒரு பிடி அரிசியாவது கொடுக்கிறவன், கொடுக்கிறவர்களின் வரிசையில் வந்து நின்றுவிடுகிறான். அவனிடம் 'உன்னிடம் எதுவும் வேண்டாம்' என்று சொல்வது இரக்கம் மாதிரி தெரியும். உண்மையில் அது அவனை வரிசையை விட்டுத் தள்ளுவது.

அதே அசரியா, 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் பேசினார். எதிரே சுமார் 1,200 பிரதிநிதிகள். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். இந்தியாவுக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டிக் கொடுத்தவர்கள். அவர்கள் முகத்துக்கு நேராக, ஏழைகளுக்காக உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்ற பொருளில் சொன்னார். உதவி செய்கிறீர்கள், ஆனால் சமமாக உட்கார வைப்பதில்லை என்பதுதான் அவர் மனத்தாங்கல். அரங்கில் பலருக்குச் சுருக்கென்று தைத்தது.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும். 'அப்போ ஏழையிடம் வசூல் பண்ணுகிறவர்களை என்ன சொல்கிறீர்கள்? ஒன்று போட்டால் பத்தாகத் திரும்பும் என்று ஆசை காட்டி, தாலிக்கொடி வரை கேட்கிற பிரசங்கிகள் இல்லையா?'

இருக்கிறார்கள். எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். பைபிளிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. எருசலேம் ஆலயத்தில் ஓர் ஏழை விதவை இரண்டு சின்னக் காசு போட்டதையும், பணக்காரர்கள் போட்டதைவிட அதுதான் பெரிது என்று இயேசு சொன்னதையும் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்குச் சற்று முன்னால், நீளமாக ஜெபம் செய்துகொண்டே விதவைகளின் வீட்டைப் பட்சிக்கும் வேதபாரகர்களை அவர் கடுமையாகச் சாடியிருப்பதைப் பலர் சொல்வதில்லை. அடுத்தடுத்த வரிகள்! விதவை தானாகப் போட்டதை அவர் தடுக்கவில்லை, திருப்பித் தரவும் சொல்லவில்லை. அவளிடம் பறிப்பவர்களையும் விடவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பாடம் முழுசாகும். பயத்திலோ பேராசையிலோ வாங்கப்பட்டது காணிக்கை இல்லை, கப்பம்.

சூளகிரி அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. அவராகத்தான் கொடுத்தார். வாங்கிக்கொள்ளத்தான் எனக்குத் துப்பில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். அவர் வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் முறுக்கு கொண்டுவந்தால், அவர் எதிரில் உட்கார்ந்து ஒன்றை எடுத்துக் கடிக்கிறீர்களா? இல்லை, 'எதுக்கும்மா உனக்கு இந்த வேலை' என்று சமையலறை மேடையில் ஓரமாக வைத்துவிடுகிறீர்களா? அவர் மகள் கல்யாணத்துக்கு மொய்க் கவர் அனுப்புகிறீர்களா, இல்லை, பந்தியில் போய் உட்காருகிறீர்களா?

அன்று ஊருக்கு வரும்வரை கார் பூரா கொத்தமல்லி வாசனை. வீட்டில் துவையல் அரைத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நூறு ரூபாயைப் பற்றில் எழுதுவதா, வரவில் எழுதுவதா என்று பி.காம். படித்த எனக்கு இன்றுவரை தெரியவில்லை.