அறியாதவனிடம் கொள்ளும் பொருள்

பிறருடைய அறியாமையைக் கொண்டு பொருளீட்டுவது களவாகுமா, அல்லது சாமர்த்தியம் என்ற பெயரில் மன்னிக்கத் தக்கதாகுமா என்ற வினாவுக்கு விடை காண, சனிக்கிழமை தோறும் சம்பளம் வாங்கும் ஒரு திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளியின் வீட்டு டி.வி.யைக் கவனித்தாலே போதும். அதன் பவர் சப்ளை போர்டில் ஒரு கெப்பாசிட்டர் தலை உப்பி நிற்க, சொற்ப விலையில் மாற்றக்கூடிய அச்சிறு பொருளைக் கண்ணால் கண்ட பின்னும், "போர்டே போய்விட்டது" என்று மெக்கானிக் சொல்வாராயின், ஒரு வாரத்து உழைப்பு ஒரு வார்த்தையில் அபகரிக்கப்படுகிறது. திருடன் பூட்டை உடைக்க வேண்டும். இங்கோ விசுவாசமே கதவைத் திறந்து கொடுக்கிறது. ஆதலால் இது களவினும் கனமான பாவம் என்றே கருதுகிறேன்.

பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்னும் நெறியை வள்ளுவர் பொருட்பாலில் வையாமல், அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தது ஆழ்ந்த சிந்தனைக்குரியது. செக்கிங் மேஜையில் ஒரு தையல் விட்டுப்போனாலும் பீஸைத் தள்ளிவைக்கும் இவ்வூருக்கு அந்நெறி அந்நியமன்று.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், செய்த வேலைக்கு ரசீது தராமையையும் நேர்மையற்ற வணிக நடைமுறையாகவே கொள்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார்க் கட்டணமும் இல்லை. ஆயினும் ஒன்றரை ஷிப்ட் வேலை பார்ப்பவர் ஒருநாள் கூலியை இழந்து வழக்காடப் போவது அரிது. ஆகவே ரசீது எழுதி, கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுத்து, கெட்டது எது என்று காட்டுவதை, வாடிக்கையாளர் கேட்கும் முன்பே செய்யக் கடைக்காரர் கடமைப்பட்டவர்; அப்படிச் செய்கிறவர்களும் இவ்வூரில் இருக்கிறார்கள்.