டிராக்டரைப் பிடித்த கை



போட்டியில் இறங்குகிறவன் விதிப்படி ஓடினால்தான் கிரீடம் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் (2 தீமோ. 2:5). இந்த வசனத்தை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். வசனம் என்னைப் பிரசங்கித்த கதையை இன்று சொல்கிறேன்.

எனக்குச் சர்க்கரை வந்தபோது டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். பத்து, இருபது என்று ஆரம்பித்து, 2018 ஜனவரியில் 200 கிலோமீட்டர் பிஆர்எம் ஓட்டப் பேர் கொடுத்தேன். பிரான்சு தேசத்தில் உண்டான முறை இது. பந்தயம் அல்ல, முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்கிற எல்லாரும் சமம். கையில் ஒரு அட்டை தருவார்கள். வழியில் குறித்த இடங்களில் நேரம் போட்டு வாங்க வேண்டும். நம்முடைய காலால் மிதித்தே வர வேண்டும். பின்னாலேயே வந்து யாரும் காவல் காக்க மாட்டார்கள். எல்லாம் நம்பிக்கையின் பேரில்தான்.

காலை 6 மணிக்குச் சென்னையில் புறப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் போய்த் திரும்ப வேண்டும். கொடுத்த நேரம் எனக்குப் போதவில்லை. "பத்து மணி நேரத்தில் முடிப்பேன்" என்று சபையில் வாய் விட்டுச் சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை, தேவனும் கேட்கவில்லை. நானே வைத்துக்கொண்ட இலக்கு.

போகும்போது காற்று முதுகில் தள்ளியது. பத்தே காலுக்கெல்லாம் உப்பளங்களைப் பார்த்துவிட்டேன். திரும்பினேன், பாருங்கள்! தை மாத வாடைக்காற்று முகத்தில் அறைகிறது. எவ்வளவு மிதித்தாலும் மணிக்குப் 16 கிலோமீட்டர்தான். கூவத்தூர் தாண்டி மணி 12.35. இன்னும் 70 கிலோமீட்டர். கணக்குப் போட்டேன், உதைத்தது.

அப்போது வைக்கோல் ஏற்றின டிராக்டர் ஒன்று மெதுவாய் என்னைக் கடந்தது. பின்னால் ஒரு கயிறு தொங்கியது. முன்னும் பின்னும் ஆள் இல்லை. என் கை தானாய்ப் போனது என்று சொல்ல மாட்டேன், நான்தான் நீட்டினேன். எட்டு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போனது. பிறகு சவுக்குத் தோப்பு மறைப்பில் காற்று தணிந்தது. 3.54-க்கு வந்து சேர்ந்தேன். 9 மணி 54 நிமிடம். அட்டையில் கையெழுத்தும் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொன்னேன். சபையார் கை தட்டினார்கள். ஆராதனை முடிந்ததும் ஒரு சின்னப் பையன் வந்து, "அங்கிள், அவ்வளவு எதிர்க்காத்துன்னு சொன்னீங்களே, அப்புறம் எப்படி வந்தீங்க?" என்றான். "தேவ கிருபைப்பா" என்றேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. தேவனுடைய கிருபைக்கு டிராக்டர் என்று பேர் வைத்துவிட்டேனே!

1901-ல் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் என்கிற நெடுந்தூரப் பந்தயத்தை ஜெயித்தவர் மோரிஸ் காரேன். 1903-ல் முதல் டூர் டி பிரான்சையும் அவரே ஜெயித்தார். 1904-லும் அவரே முதலாவது. ஆனால் அந்த வருஷம் சிலர் ரயிலில் ஏறினார்கள், காரில் இழுபட்டுப் போனார்கள் என்று குற்றச்சாட்டுகள் எழுந்தன. விசாரணை நடந்தது. நாலு மாதம் கழித்து முதல் நான்கு பேரையும் தள்ளிவிட்டு, ஐந்தாவதாய் வந்த 19 வயது வாலிபன் ஆன்ரி கொர்னேவுக்குப் பட்டத்தைக் கொடுத்தார்கள். மனுஷருடைய விசாரணையே கிரீடத்தைக் கழற்றுமானால், தேவனுடைய விசாரணை எப்படி இருக்கும்?

காலையில் கணக்குப் பார்த்தேன். டிராக்டரால் மிச்சமானது பத்து நிமிடம். பிடிக்காமல் வந்திருந்தால் பத்து மணி நாலு நிமிடம் ஆகியிருக்கும். கொடுத்த நேரத்தில் இன்னும் மூன்றரை மணி நேரம் பாக்கி! அந்த நாலு நிமிடத்துக்காக மனசாட்சியை விற்றேன்.

நடத்தினவருக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "சரிங்க பாஸ்டர், பேரை எடுத்துடறேன்" என்றார். அடுத்த ஞாயிறு சபைக்கு முன்பாகவும் அறிக்கையிட்டேன். அன்று யாரும் கை தட்டவில்லை. அந்தப் பையனிடம் தனியாய்ப் போய், "தம்பி, நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாயிருந்தது.

அன்பானவர்களே, இலக்கு வைப்பது பாவமல்ல. ஆனால் நாமே வைத்த தேதிக்காக எந்தக் கயிற்றைப் பிடிக்கிறோம்? "இந்த வருஷத்துக்குள் வீடு" என்று சொல்லிவிட்டு லஞ்சம் வாங்குகிற கை உண்டு. "பிள்ளை இத்தனை மார்க் எடுக்கணும்" என்று குறுக்கு வழி தேடுகிற தகப்பன் உண்டு. சபைக் கணக்கில் ஆத்துமாக்களைக் கூட்டி எழுதுகிற ஊழியனும் உண்டு. தேவன் கொடுத்த நேரம் தாராளமானது. நம்மை அவசரப்படுத்துவது நம்முடைய பெருமை.

2019 ஜனவரியில் அதே சாலையில் மறுபடியும் ஓட்டினேன். அதே காற்று. 10 மணி 41 நிமிடம். அந்த அட்டை என் வேதாகமத்துக்குள் இருக்கிறது.

இன்று உங்கள் கையில் ஏதாவது கயிறு இருக்கிறதா? விட்டுவிடுங்கள். வேகம் குறையும், பயப்படாதேயுங்கள். விதிப்படி ஓடுகிறவனைக் கர்த்தர் கடைசிவரை தாங்குவார். ஆமென்.