துறவும் தொட்டிலும்

பிள்ளை வளரும் இடத்தைத் தேர்வது பெற்றோர் உரிமை. அவ்வுரிமைக்கு எல்லை உண்டா?

பழநெறிக் கிறித்தவரான கார்ப் லைக்கோவ், சோவியத் அடக்குமுறைக்கு அஞ்சி, 1936ஆம் ஆண்டில் மனைவி, இரு குழந்தைகளுடன் சைபீரியப் பெருங்காட்டினுள் புகுந்தார். அங்கே மேலும் இரு மக்கள் பிறந்தனர். 1978இல் நிலவியலாளர் வரும்வரை, அவ்விருவரும் குடும்பத்தாரையன்றிப் பிற மனிதரைக் கண்டதில்லை. தாய், கூராக்கிய குச்சியைச் செடிச்சாற்றில் தோய்த்து எழுத்தறிவித்தார். 1961ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மக்களுக்கு உணவளித்துத் தாம் பட்டினியால் மாண்டார். அன்பில் குறை ஏது?

ஆயினும், உலகை அறியாதவர்க்குத் துறப்பதற்கு எதுவுமில்லை. அச்சம் நீங்கிய பின்னும் பெற்றோரின் தனிமை பிள்ளைகளின் விதியாகவே நீடித்தது. இளைய மகள் அகாஃபியா பின்னாளில் நகரங்களைக் கண்டார். கண்டபின் காட்டுக்கே மீண்டார். அன்றுதான் அவ்வாழ்வு அவருடையதாயிற்று. பெற்றோர் வழி காட்டலாம்; கதவை அடைத்தல் ஆகாது.