கொடுத்த பின் அது யாருடையது?

2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் மகாநதி கரை புரண்டபோது, அந்நாளில் ஒரிசா என்று வழங்கிய மாநிலத்தின் கிராமங்களுக்கு நிவாரணப் பணிக்குச் சென்ற குழுவில் நானும் இருந்தேன். பிரம்மசாரியாகச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. வீட்டுக்கு ஒரு கம்பளி, சில பாத்திரங்கள், அரிசி, பருப்பு என்று கணக்கிட்டுக் கொடுத்தோம். நான்காம் நாள், என் கையால் கொடுத்த கம்பளிகளுள் ஒன்று கடைத்தெருவில் விற்பனைக்குத் தொங்குவதைக் கண்டேன். விசாரித்ததில் அதை விற்றவர் யார் என்பதும் தெரிந்தது. ஒரு முதியவர்.

கோபத்துடன் முகாமுக்குத் திரும்பினேன். அவருடைய பெயரை அடுத்த பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்றேன். எங்களுடன் இருந்த மூத்த சுவாமி கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "கொடுத்த பின் அது யாருடையதப்பா?" என்று கேட்டார். மறுநாள் அந்த முதியவரைத் தேடிச் சென்றேன். பசுவுக்கு வைக்கோல் வாங்குவதற்காக விற்றேன் என்றார். குளிரைத் தாம் தாங்கிக்கொள்ளலாம். தீனியில்லாமல் பசு பிழைக்காது என்பது அவருடைய கணக்கு. அதில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால், அவர் சாராயத்துக்காக விற்றிருந்தால்? அப்போதும் மூத்த சுவாமியின் கேள்வி அதே வலிமையுடன் நிற்குமா? இதை அவரிடம் கேட்க அன்று எனக்குத் துணிவில்லை. அண்மைக் காலமாக அரசுகளே இக்கேள்வியை எழுப்பி, தமக்குத் தோன்றிய விடையை ஓர் அட்டைக்குள் பதித்துக் கொடுத்து வருகின்றன. எனவே இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்கலாம்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. 2007-இல் அந்நாட்டு அரசு வடபிரதேசத்தின் பழங்குடிக் குடியிருப்புகளில் ஓர் அவசர நடவடிக்கையைத் தொடங்கியது. உதவித்தொகை பெறுவோரின் பணத்தில் பாதி தனியே ஒதுக்கப்பட்டது. அதைக் கொண்டு மதுவோ புகையிலையோ வாங்க இயலாது. இந்நடவடிக்கைக்கு இடம் தருவதற்காக இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமே அங்கு நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் 2016-இல், தென் ஆஸ்திரேலியாவின் செடூனா பகுதியிலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கிம்பர்லி பகுதியிலும் 'ரொக்கமில்லாப் பற்று அட்டை' நடைமுறைக்கு வந்தது. (டெபிட் கார்டுக்குத் தமிழில் 'பற்று அட்டை' என்று பெயர் வைத்தவரை நினைத்து, துறவி ஒருவன் புன்னகைக்காமல் இருக்க முடியாது.) உழைக்கும் வயதில் உதவித்தொகை பெறுபவருடைய பணத்தில் நூற்றுக்கு 80 பங்கு அட்டையில் சேரும், 20 பங்கே ரொக்கமாக எடுக்கத்தக்கது. அட்டையால் மதுவும் சூதாட்டச் சீட்டும் வாங்க முடியாது. ரொக்கம் மட்டுமே செல்லும் சந்தையில் பழைய மிதிவண்டியையும் வாங்க முடியாது.

நோக்கம் தீயதென்று சொல்ல மாட்டேன். குடியும் அதனால் விளைந்த வன்முறையும் அப்பகுதிகளில் உண்மையாகவே இருந்தன. உள்ளூர்ப் பழங்குடித் தலைவர்களில் சிலரே இத்திட்டத்தை வரவேற்றனர். ஆயினும் அந்த அட்டை குடிப்பவரை மட்டும் தேடி வரவில்லை. அவ்வட்டாரத்தில் குறிப்பிட்ட உதவித்தொகை பெற்ற அனைவரையும், ஒரு சொட்டு மதுவும் தொடாத தாயையும் சேர்த்து, அது கட்டியது. அதிலிருந்து விலக விரும்புவோர், தம் காரியங்களைப் பொறுப்புடன் நடத்தவல்லவர் என்பதைத் தாமே மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதி பின்னர் வந்தது. குற்றம் செய்யாதவர் குற்றமின்மையை நிறுவ வேண்டிய நிலை! 2018-இல் அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் இத்திட்டத்தை ஆராய்ந்தது. சமூகத் தீங்கு குறைந்ததா இல்லையா என்று முடிவு செய்யும் அளவுக்குக் கண்காணிப்பும் மதிப்பீடும் நடைபெறவில்லை என்று அது அறிவித்தது. 2022-இல் ஆட்சி மாறியது. 2023 மார்ச்சில் அந்த அட்டை முடிவுக்கு வந்தது. வடபிரதேசத்தில் வேறோர் அட்டையின் பெயரால் கட்டாய ஒதுக்கீடு அதன் பிறகும் நீடித்தது.

அங்குள்ள பழங்குடி முதியோருக்கு இது புதிய அனுபவமன்று. குயின்ஸ்லாந்தில் 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பழங்குடியினருக்குப் 'பாதுகாவலர்கள்' நியமிக்கப்பட்டனர். உழைத்தவரின் கூலி அவர் கைக்கு வராமல் பாதுகாவலரின் பொறுப்பில் போயிற்று. அதில் பெரும்பகுதி உரியவரை அடையவேயில்லை. அந்தக் கூலிக்காகத் தொடரப்பட்ட வழக்கில், 190 மில்லியன் டாலர் வழங்க அம்மாநில அரசு உடன்பட்டது 2019-இல்தான். பாட்டனின் கூலியைக் காத்துத் தருவதாகச் சொன்ன அரசு, பேரனின் உதவித்தொகையையும் காத்துத் தருவதாகச் சொன்னால் அவன் செவிக்கு அது எப்படி ஒலிக்கும்?

இங்கே ஜான் ஸ்டூவர்ட் மில் நினைவுக்கு வருகிறார். தன்னை மட்டுமே பாதிக்கும் செயல்களில் ஒருவனை அவன் நன்மைக்காகவே கட்டாயப்படுத்தவும் சமூகத்துக்கு உரிமையில்லை என்று, 1859-இல் வெளிவந்த சுதந்திரத்தைப் பற்றிய நூலில் வாதிட்டவர் அவர். மாணவப் பருவத்தில் அந்நூலைப் பெருமதிப்புடன் படித்தேன். ஆனால் அதன் தொடக்கத்திலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது: குழந்தைகளுக்கும், பின்தங்கிய நிலையிலுள்ள சமுதாயங்களுக்கும் இக்கோட்பாடு பொருந்தாது என்கிறார். மில் 1823 முதல் 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர்; நம் நாட்டுக்கு ஒருமுறையும் வந்ததில்லை. அந்த விதிவிலக்கில் அடங்கியவர்கள் யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஏழையைக் குழந்தையாகக் காணும் பார்வை மிகப் பழையது. அட்டை மட்டுமே புதியது.

அதே நூலில் மில் வேறொன்றும் சொல்கிறார். ஒருவன் குடியினால் தன் குடும்பத்தைக் காக்கத் தவறினால், அவனைத் தண்டிப்பது நியாயமே. ஆனால் குற்றம் குடி அன்று, கடமையைக் கைவிட்டது. இந்த நுட்பமான வேறுபாடு நமக்கு உதவும். தவறியவனைக் கேட்கலாம். அவன் வாழும் ஊரையே கட்டிப்போட முடியாது.

"வரிப்பணம் எங்களுடையது, அதைக் குடித்துத் தீர்க்க நாங்கள் ஏன் விட வேண்டும்?" என்று அன்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். நியாயமான கேள்வி. ஆனால் சோப்புக்கட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும் வரி செலுத்துகிறார். அரசு வழங்குவதைத் தானம் என்று கொள்வதே தவறு. அரசு அங்கே வெறும் அறங்காவலர். நாங்களும் பிறர் கொடுப்பதில் வாழ்பவர்கள்தாம். பள்ளிக்கென்று ஓர் அன்பர் தரும் ரூபாயை நாங்கள் பூஜைக்குச் செலவிட மாட்டோம், செலவிடவும் கூடாது. அந்த நிபந்தனை எங்களைக் கட்டுகிறது. பள்ளியில் உணவருந்தும் சிறுவனை அன்று. தானம் என்றே வைத்துக்கொண்டாலும், மதிப்பின்றி, இகழ்ச்சியுடன் தரப்படுவதைக் கீதையின் 17-ஆம் அத்தியாயம் தாமச தானத்தில் சேர்த்திருக்கிறது. தவறு செய்வான் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டுக் கொடுப்பதில் இகழ்ச்சி இல்லையா?

இப்படி எழுதும்போதும் ஒரு மனைவியின் முகம் என் முன் நிற்கிறது. கணவன் பணத்தைக் குடித்துவிடுவான், அரிசியைக் குடிக்க முடியாது. ஆகவே பணம் வேண்டாம், அரிசியாகவே கொடுங்கள் என்று கேட்கும் பெண்கள் நம் நாட்டில் உண்டு. அவர்களிடம் சுதந்திரத் தத்துவம் பேசுவது கொடுமை. ஆனால் அவள் கேட்பதை உற்றுக் கவனியுங்கள். தன் கையைக் கட்டும்படி அவள் கேட்கவில்லை. பொருள் தன் கைக்கு வரவேண்டும் என்கிறாள். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது: 18 வயது நிறைந்த மூத்த பெண்ணே குடும்ப அட்டையின் தலைவி என்கிறது அது. பெறுபவரைக் கட்டாமலே, பெறும் கையைத் தேர்ந்தெடுத்த வழி இது.

அரசு செலவிடும் ஒரு ரூபாயில் 15 பைசாவே மக்களைச் சென்றடைகிறது என்று 1985-இல் ராஜீவ் காந்தி வருந்திச் சொன்னார். அந்தக் கசிவை அடைக்கவே 2013 ஜனவரியில் நேரடிப் பணப் பரிமாற்றம் தொடங்கியது. விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளில் வழங்கும் 2019-ஆம் ஆண்டுத் திட்டத்தில், அவர் விதை வாங்கினாரா, மகளுக்கு வளையல் வாங்கினாரா என்று யாரும் கேட்பதில்லை. பணம் வழியில் களவு போகாமல் காப்பது அறங்காவலரின் கடமை. ஆனால் 2021 ஆகஸ்டில் அறிமுகமான 'இ-ரூபி' சீட்டு, குறித்த நபர் குறித்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தத்தக்கது. ரிசர்வ் வங்கியும் தன் மின்னணு ரூபாயில் செலவின் நோக்கத்தை முன்கூட்டியே வரையறுக்கும் வசதியைச் சோதிக்கப் போவதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தது. தடுப்பூசிக்கோ உரத்துக்கோ அது பொருந்தலாம். ஒரு சிகிச்சைக்கான சீட்டு அச்சிகிச்சைக்கே செல்வதில் யாருக்கும் இழிவில்லை. வீட்டுச் செலவு முழுவதும் அவ்வாறு வரையறுக்கப்படும்போதுதான் செடூனா நம் வாசலுக்கு வந்து சேரும். கம்பளியை வைக்கோலாக மாற்றும் விவேகத்துக்கு அங்கே இடமிராது.

அந்த முதியவர் சாராயத்துக்காக விற்றிருந்தால் என்ற கேள்விக்கு வருகிறேன். அவருக்கு மனைவி இருந்தார். பசுவுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். எங்கள் நிவாரணப் பட்டியலில் 'குடும்பத் தலைவர்' என்றொரு பத்தி இருந்தது. என் கையெழுத்தில் அதில் நிரப்பியிருந்தவை ஏறக்குறைய எல்லாமே ஆண்களின் பெயர்கள்.